சீட் கவருக்கு அடியில் பெல்ட்டைப் புதைத்தவன் எழுதுகிறேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சீட் பெல்ட் போடாமல் வந்தவர்களைப் போலீசார் நிறுத்தி அபராதம் போட்ட செய்தி உங்கள் நெல்லைப் பதிப்பில் அடிக்கடி வருகிறது. படத்தில் எப்போதும் டிரைவரும் அவர் பக்கத்தில் இருப்பவரும்தான். பின்னால் இரண்டு வரிசையில் அடைந்து உட்கார்ந்திருக்கும் ஆச்சி, மதினி, பிள்ளைகுட்டிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகிவிடும். இடமில்லாமல் வெட்டுவதாக இருந்தால் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிற இடத்தை மட்டும் வெட்டாதீர்கள்.

பாளையங்கோட்டையில் கார் குஷன் கடை வைத்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்து 31 வருஷம் ஆகிறது. அம்பாசிடர் சீட்டைப் பிரித்து ஸ்பிரிங்கும் தேங்காய் நாரும் மாற்றிய காலத்தில் ஆரம்பித்தேன். இப்போது எல்லாம் ஃபோம், ரெக்சின், ரெடிமேட் கவர். ஏழு பேர் உட்காரும் குடும்ப வேன்தான் இன்றைக்கு எங்களுக்குச் சோறு போடுகிறது. அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு வேன் வாங்குவதும், வாங்கிய வாரத்திலேயே சீட் கவர் போட வருவதும் நம் பக்கத்து வழக்கம். கம்பெனி துணி அழுக்காகிவிடுமாம். அந்தத் துணியை அவர்கள் ஒருநாள்கூடப் பார்க்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்.

கவர் போட வருகிறவர் சொல்லும் முதல் வார்த்தை கலரைப் பற்றி. இரண்டாவது வார்த்தை இது: "அண்ணாச்சி, அந்தக் கொக்கியெல்லாம் உள்ள தள்ளிருங்க. உக்காந்தா குத்துது."

கொக்கி என்று அவர் சொல்வது பெல்ட்டின் இரும்பு நாக்கு போய் மாட்டுகிற லாக். நடுவரிசையில் மூன்று, கடைசி வரிசையில் இரண்டு. கவரில் அந்த லாக் வெளியே வரும்படி வாய் திறந்து, சுற்றி பட்டை வைத்துத் தைப்பது பொறுமையான வேலை. வாய் ஒரு விரல் தள்ளிப்போனாலும் கவர் சுருங்கி அசிங்கமாகத் தெரியும். ஐந்து வாய்க்கு ஒன்றரை மணி நேரம் போய்விடும். அதற்குத் தனிக் கூலி கேட்டால் யாரும் தரமாட்டார்கள். லாக்கை அமுக்கி, மேலே கவரை நேராக இழுத்துக் கட்டிவிட்டால் சீட் மெத்தை மாதிரி வழவழவென்று இருக்கும். வாடிக்கையாளருக்கும் சந்தோஷம், எனக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. இப்படி நான் புதைத்த லாக் ஆயிரத்துக்குக் குறையாது. யாரும் எண்ணச் சொல்லாததால் எண்ணவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் வந்த பங்குனி உத்திரம் வரைக்கும் இதில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

நம் சீமையில் பங்குனி உத்திரம் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் இருந்தாலும் பம்பாயில் இருந்தாலும் அன்றைக்குக் குலசாமி சாஸ்தா கோவிலுக்கு வந்தாக வேண்டும். எங்கள் சாஸ்தா திருச்செந்தூர் ரோட்டில் குரும்பூருக்குத் தெற்கே தேரிக்காட்டில் இருக்கிறார். அண்ணன் வீட்டு வேன், ஏழு பேர் வண்டி. ஏறியது ஒன்பது பேர். பின்னால் டிக்கியில் வெண்கலப் பானை, விறகு மிச்சம், தேங்காய் மூட்டை. பொங்கல் வைத்து, படைத்து, சாப்பிட்டுவிட்டு சாயங்காலம் திரும்பினோம். ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் எல்லாம் தாண்டி, கருங்குளத்தையும் கடந்து வருகிறோம். வண்டியை ஓட்டியது அண்ணன் மகன், நிதானமான பையன். ஐம்பதுக்கு மேல் போகவில்லை. வளைவில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான், வண்டி நின்றுவிட்டது. ஒரு ஆட்டின் மேலும் படவில்லை.

வண்டிக்குள்தான் எல்லாம் நடந்தது. நடுவரிசையில் ஒருசாய்த்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த மதினி முன்சீட்டின் பின்பக்கக் கம்பியில் போய் முட்டினார். இரண்டு பல், உதட்டில் ஏழு தையல். கடைசி வரிசையில் என் மனைவியின் மடியில் இருந்த ஒன்றரை வயசுப் பேத்தி நழுவி இரண்டு சீட்டுக்கு நடுவே விழுந்தாள். சாஸ்தா புண்ணியத்தில் அழுகையோடு போயிற்று. டிக்கியில் இருந்த வெண்கலப் பானை எழும்பி வந்து அண்ணன் தோள்பட்டையில் இடித்தது. அந்தத் தோள் இன்னும் முழுசாக மேலே தூக்காது. முன்னால் பெல்ட் போட்டிருந்த இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை.

மறுநாள் ரத்தக்கறையை எடுக்க வேனை என் கடைக்கே கொண்டுவந்தார்கள். நடுவரிசைக் கவரைப் பிரித்தேன். மூன்று லாக்கும் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே, கீறல் இல்லாமல், பளபளவென்று கிடந்தன. மேலே இருந்தது என் கைத்தையல். நான் தைத்த கவர் என்பது இரட்டைத் தையலைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். மதினிக்கு இன்றுவரை இதைச் சொல்லவில்லை. அவர் இந்தப் பத்திரிகை படிப்பவர். இப்போது தெரிந்துகொள்வார்.

என் கடைக்கு ஒரு இயற்பியல் வாத்தியார் வருவார், ஓய்வு பெற்றவர். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். துணி வெட்டுகிற மேசையில் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்து அங்கேயே கணக்குப் போட்டார். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி எதிலாவது மோதி நின்றால், பெல்ட் போடாத ஆள் அதே வேகத்தில் முன்னால் போவார். அந்த வேகம் 14 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம். "14 மீட்டர்னா ஒரு நடுத்தரப் பனை. 80-ல போனா 25 மீட்டர், நெட்டைப் பனை," என்றார். பனையேறிகள் ஊரில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேலே ஏறுகிறவன்கூடக் காலில் தளைநார் போட்டுத்தான் ஏறுவான்.

பேத்தியைப் பற்றிக் கேட்டேன். பத்துக் கிலோ பிள்ளையை மடியில் வைத்திருக்கிறோம், வண்டி 40-ல் போய் மோதுகிறது, முன்பக்கம் இரண்டு அடி நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நொடியில் பிள்ளை நம் கையை நூறு கிலோ கனத்தோடு இழுக்குமாம். "ஒரு நூறு கிலோ மூட்டையைத் தலையிலிருந்து போட்டா மடியில ஏந்திப் பிடிப்பீங்களா? உங்களுக்கு நடந்தது வெறும் பிரேக்குதான், மோதவேயில்ல," என்று சொல்லிவிட்டு சாக்குக்கட்டியைப் போட்டார். நல்லா இறுக்கிப் பிடிச்சுக்கோ என்று என் மனைவியை நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

அதற்கப்புறம் வருகிற வேனை எல்லாம் வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். பெல்ட் இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். அது எங்கே இருக்கிறது, உடம்பில் எங்கே விழுகிறது என்பதுதான் மீதிப் பாதி.

முதலில் லாக் இருக்கும் குழி. கவர் போடாத வண்டியிலும் அது சீட்டும் முதுகும் சேருகிற சந்துக்குள் போய்விடும். அதைத் தோண்டி நான் எடுத்த சாமான்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ரூபாய்க் காசு, ஹேர்பின், கடலைத் தோல், பனங்கற்கண்டு, காய்ந்த மல்லிகைச் சரம், ஒருதடவை கம்மல் திருகாணி. அல்வாவின் நெய் உள்ளே இறங்கிக் காய்ந்த லாக்கில் நாக்கு மாட்டவே மாட்டாது. சொந்தக்காரர் "பெல்ட் ரிப்பேர்" என்று முடித்துவிடுவார். ரிப்பேர் ஒன்றுமில்லை, திருநெல்வேலி அல்வாதான்.

அப்புறம் மூன்று பேர் உட்காரும் நடுவரிசை. அங்கே இரண்டு லாக் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று நடுவில் இருப்பவருக்கு, ஒன்று ஓரத்தில் இருப்பவருக்கு. பல வண்டிகளில் நடு லாக்கின் மேல் 'சென்டர்' என்று பொறித்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் மாற்றி மாட்டினால் பெல்ட் ஒருவர் வயிற்றில் ஏறும், மற்றவருக்கு எட்டாது, இரண்டு பேரும் கழற்றி எறிந்துவிடுவார்கள். சில வண்டிகளில் நடு ஆளின் பெல்ட் கூரையிலிருந்து இறங்கும். அதற்கு இரண்டு நாக்கு. சின்னதை ஒருபக்கம் மாட்டிவிட்டுத்தான் பெரியதை மறுபக்கம் மாட்ட வேண்டும். ஒரு வேனில் அந்தச் சின்ன நாக்கில் தாம்பூலப் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தார்களாம்.

பழைய வேன்களில் நடு ஆளுக்கு இடுப்பில் மட்டும் கட்டுகிற பட்டைதான். தோளுக்கு ஒன்றும் கிடையாது. முன்பக்கம் பார்த்த எல்லா இருக்கைக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கிற மூன்று முனை பெல்ட் கட்டாயமாக்கப்படும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் பாபநாசம் ரோட்டிலும் தென்காசி ரோட்டிலும் ஓடுகிற வேன்களில் பாதி அதற்கு முன்னால் வாங்கியவை. அவை இன்னும் பத்து வருஷம் ஓடும். ஆகவே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தோள் பெல்ட் உள்ள ஓர இடங்களைப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கொடுப்பது நல்லது. நாம் என்ன செய்கிறோம்? பிள்ளையை நடுவில் திணிக்கிறோம்.

மூன்று முனை பெல்ட்டை 1959-ல் சுவீடனில் வோல்வோ கம்பெனிக்காகச் செய்தவர் நில்ஸ் போலின். அதற்கு முன் போர் விமானத்தில் ஆபத்து வந்தால் விமானியைச் சீட்டோடு வெளியே எறிகிற சாதனத்தில் வேலை பார்த்தவராம். அவரும் சீட் வேலைக்காரர்தான் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறைய வெட்கமாகவும் இருந்தது. அந்தக் கம்பெனி காப்புரிமையை வைத்துக் காசு பார்க்காமல் மற்றவர்களும் செய்துகொள்ள விட்டுக்கொடுத்தது. அப்படி வந்து சேர்ந்த சாமானைத்தான் நான் ரெக்சினுக்கு அடியில் போட்டு மூடினேன்.

பெல்ட் உடம்பில் விழவேண்டிய இடத்தைப் பற்றி. கீழ்ப்பட்டை இடுப்பு எலும்பின் மேல், தொடை ஆரம்பிக்கிற இடத்தை ஒட்டி, தாழ்வாக இருக்க வேண்டும். வயிற்றின் மேல் இருக்கக் கூடாது. வயிற்றில் எலும்பு கிடையாது, உள்ளே இருப்பதெல்லாம் குடல். மேல்பட்டை காறை எலும்பின் நடுவே போய் நெஞ்சின் குறுக்கே இறங்க வேண்டும். கர்ப்பிணிகள் பெல்ட்டே போடக் கூடாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது தப்பு. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியிலும், மேல்பட்டை வயிற்றின் பக்கவாட்டிலும் வரும்படி போட வேண்டும்.

நம் பெண்களுக்கு இதில் ஒரு உண்மையான கஷ்டம் இருக்கிறது. ஐந்தடி உயரமுள்ளவருக்கு மேல்பட்டை கழுத்தில் வந்து அறுக்கும். முன்சீட்டில் தூணில் ஏற்றி இறக்கும் பிடி பல வண்டிகளில் உண்டு. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. பின்சீட்டில் பெரும்பாலும் இருக்காது. கழுத்தை அறுக்கிறதே என்று பட்டையைக் கைக்கு அடியில், அக்குள் வழியாக விட்டுக்கொள்கிறார்கள். அப்போது மோதினால் பட்டை விலா எலும்பை முறிக்கும், தோளைப் பிடிக்காது. இதற்காகப் பெல்ட்டைக் கீழே இழுத்துப் பிடிக்கிற மாதிரி புசுபுசுவென்று ஒரு உறை தைத்துத் தரச் சொல்வார்கள். நிறையத் தைத்திருக்கிறேன், கரடி பொம்மை முகம் வைத்துக்கூட. இப்போது தைப்பதில்லை. அது தோள்பட்டையைக் கீழே இழுப்பதோடு, இடுப்பில் கிடக்க வேண்டிய பட்டையை வயிற்றுக்கு மேலே ஏற்றிவிடுகிறது. கொஞ்சம் நடுப்பக்கமாக நகர்ந்து, முதுகை ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாலே பலருக்குக் கழுத்திலிருந்து பட்டை இறங்கிவிடும்.

பட்டுச்சேலை கசங்கும், பூ நசுங்கும், வெள்ளைச் சட்டையில் கறுப்புக்கோடு விழும் என்கிற காரணங்களும் என் காதுக்கு வருபவைதான். கடைசியாகச் சொன்னது உண்மை. வருஷம் முழுக்க யாரும் இழுக்காத பெல்ட்டில் தூசி படிந்து கிடக்கும். கல்யாணத்தன்று முதல்முறையாக இழுத்துப் போட்டால் சட்டையில் பூணூல் மாதிரி ஒரு கோடு விழத்தான் செய்யும். பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து, சாதாரண சோப்புத் தண்ணீரில் துடைத்து, நிழலில் காயவிட்டுப் பிறகு உள்ளே விடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நூல் இற்றுப்போகும். நூல் பிரிந்த பெல்ட்டைத் தைத்துத் தாங்க என்று என்னிடம் கொண்டுவராதீர்கள். என்னிடம் இருக்கிற எந்த நூலுக்கும் அந்தத் தெம்பு கிடையாது. பெரிய மோதலில் இழுபட்ட பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும்.

இழுத்தால் வரவில்லை என்று வெட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்வதுதான் அதன் வேலை. உள்ளே போகவிட்டு மெதுவாக இழுங்கள், வரும்.

குற்றால சீசனைச் சொல்லாமல் விட முடியவில்லை. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பார்டர் பரோட்டாவையும் ஒரு கை பார்த்துவிட்டு வண்டியில் ஏறுகிறவருக்குப் பாவூர்சத்திரம் வருவதற்குள் தூக்கம் சொக்கும். சீட்டைப் படுக்கை மாதிரி சாய்த்துக்கொள்வார். பெல்ட் போட்டிருந்தாலும் அப்போது அது நெஞ்சை விட்டு நாலு விரல் தள்ளி அந்தரத்தில் நிற்கும். மோதினால் ஆள் பட்டைக்கு அடியில் நழுவி, இடுப்புப்பட்டை வயிற்றுக்கோ நெஞ்சுக்கோ ஏறிவிடும். வழுக்குகிற ரெக்சினும் மணி விரிப்பும் இதற்குத் துணை செய்யும். என் பங்கு இதிலும் இருக்கிறது. பளபளப்பான ரெக்சின்தான் அதிகம் விற்றது. அதை இப்போது குறைத்துவிட்டு, சொரசொரப்பான துணி கவரைக் காட்டுகிறேன். பாதிப் பேர் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

இனி சட்டம். தெரியாது என்று சொல்கிறவர்களுக்காக எழுதுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதி 138, முன்பக்கம் பார்த்த பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும் என்றுதான் சொல்கிறது. 2019-ல் திருத்திய சட்டத்தில் 194-பி பிரிவின்படி அபராதம் 1,000 ரூபாய். 14 வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஓட்டினாலும் 1,000 ரூபாய். வாடகை வண்டியில் கணக்குக்கு மேல் ஆள் ஏற்றினால் 194-ஏ பிரிவில் ஒரு தலைக்கு 200 ரூபாய். எங்களுடையது சொந்த வேன்தான், ஆனால் அன்றைக்கு அதிலும் கணக்குக்கு மேல் இரண்டு தலை. 2022-ம் வருஷத்துக்கு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்கில், சீட் பெல்ட் போடாததால் நாடு முழுக்க இறந்தவர்கள் 16,715 பேர். அதில் ஓட்டியவர்கள் 8,384, கூட வந்தவர்கள் 8,331. சரிபாதி. ஆனால் ரோட்டில் நின்று பிடிக்கிறவர்கள் முன்கண்ணாடி வழியாகத் தெரிகிற இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வண்டியில் ஒலிக்கிற எச்சரிக்கையும் 2019 ஜூலையில் கட்டாயமானபோது டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும்தான் என்று இருந்தது.

அந்த ஒலியை ஏமாற்றவும் வழி கண்டுபிடித்தோம். வெறும் நாக்கை மட்டும் வாங்கி லாக்கில் சொருகிவிட்டால் வண்டி நம்பிவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு, ஐந்து இணைய வணிகத் தளங்களிலிருந்து 13,118 விற்பனைப் பதிவுகளை எடுக்க வைத்தது. அதற்குப் பிறகும் என் கடைக்கு வந்து, "அந்தப் பீப் பீப் நிக்கிறதுக்கு ஒண்ணு இருக்காமே அண்ணாச்சி" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவில் பின்சீட்டில் பெல்ட் போடாமல் போய் இறந்தார் அல்லவா, அந்தப் பத்து நாள் இதே ஆட்கள் வந்து புதைத்த லாக்கை வெளியே எடுத்துத் தரச் சொன்னார்கள். ஆயுத பூஜைக்குள் மறந்துபோயிற்று.

டிக்கியில் பெஞ்சு போடுகிறவர்களையும் சொல்ல வேண்டும். ஏழு பேர் வண்டியைப் பத்துப் பேர் வண்டியாக்க, பின்னால் பக்கவாட்டில் பலகை அடித்து மெத்தை தைத்துத் தரச் சொல்வார்கள். தகரத்தில் ஓட்டை போட்டு சாதாரண போல்ட்டில் முடுக்கியது நானும்தான், மூன்று நாலு வண்டிக்கு. கம்பெனி சீட்டையும் பெல்ட்டையும் பிடித்திருக்கிற போல்ட் வேறு சாதி, அது நிற்கிற இடத்தில் தகரத்தை இரட்டிப்பாக வைத்திருப்பார்கள். நாங்கள் போட்ட பெஞ்சு மோதலில் ஆளோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்வது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைய நிலைமையில் போட்டிருப்பேனோ என்னவோ, வீட்டு வாடகை பாக்கி இருந்தது.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வாடகை வேன்கள் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வரும்போது ஹாரன், லைட், இண்டிகேட்டர் பார்க்கிறீர்கள். அதோடு எல்லா சீட்டிலும் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிப் பாருங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். லாக் கவருக்குள் இருந்தால் திருப்பி அனுப்புங்கள். சொந்த வேன் 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்க வரும்போதும் அப்படியே. வண்டி விற்கிற ஷோரூம்காரர்கள் சாவி கொடுக்கும்போது எலுமிச்சம்பழம், மாலை, போட்டோ எல்லாம் முடிந்த பிறகு, வீட்டுப் பெண்களைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து ஒருமுறை மாட்டிக் காட்டட்டும்.

சக குஷன் கடைக்காரர்களுக்குச் சொல்வது வேறு. வாய் திறந்து தைக்கிற கூலியைத் தனியாகக் கேட்காதீர்கள், மொத்தக் கூலியில் சேர்த்துவிடுங்கள். தனியாகக் கேட்டால் அதைத்தான் முதலில் குறைப்பார்கள். புதிய வண்டிகளில் முன்சீட்டின் பக்கவாட்டிலிருந்தே ஏர்பேக் வருகிறது. கவர் அந்த இடத்தை மூடினால் அதுவும் பாழ். சீட்டின் ஓரத்தில் ஏர்பேக் என்று ஒரு சின்னத் துணி ஒட்டு இருக்கும், தைக்கும் முன் அதைத் தேடிப் பாருங்கள்.

பத்திரிகையில் எழுதிக் கடைக்கு விளம்பரம் தேடுகிறான் என்று யாரும் நினைக்கக் கூடாது என்பதால் கடைப் பெயரை எழுதவில்லை. என்னிடம்தான் வர வேண்டும் என்பதில்லை. பக்கத்தில் இருக்கிற எந்தக் குஷன் கடையில் விட்டாலும் கவரை வெட்டி லாக்கை வெளியே எடுத்து ஓரம் மடித்துத் தந்துவிடுவார்கள். ஏற்கெனவே போட்ட கவரில் அது ஒரு லாக்குக்குப் பத்து நிமிஷ வேலை. நான் தைத்த வண்டிகள் வந்தால் காசு வாங்குவதில்லை. இதுவரை பதினேழு வேன் வந்திருக்கிறது.

போன பங்குனி உத்திரத்துக்கு அண்ணன் வேனில் ஏழு பேர்தான் போனார்கள். நானும் தம்பியும் பஸ்ஸில். பேத்திக்கு மருமகன் ஒரு குழந்தை இருக்கை வாங்கி வந்தான், கடைசி வரிசையில் கட்டினோம். முதல் பத்துக் கிலோமீட்டர் ஊரைக் கூட்டினாளாம், அப்புறம் தூங்கிவிட்டாளாம். வெண்கலப் பானையைக் கயிற்றால் டிக்கி வளையத்தில் கட்டியது அண்ணன், ஒரு கையால்.

நேற்று ஒருவர் புது வேனோடு வந்தார். ஷோரூம் நாடா இன்னும் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. பிஸ்கட் கலர், வைர டிசைன், கொக்கியெல்லாம் உள்ளே. கொக்கி வெளியே இருந்தால்தான் தைப்பேன் என்றேன், காரணத்தையும் சொன்னேன். மதினி கதை வரைக்கும் கேட்டார். "நீங்க சொல்றது சரிதான் அண்ணாச்சி, ஆனா வீட்ல குத்தும்பாங்க" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடையில் கொண்டுபோய் விட்டார். அங்கே இருப்பது என்னிடம் தொழில் படித்த பையன். கவரை நேராக இழுத்துக் கட்ட நான்தான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்று சாயங்காலம் கடையை அடைத்த பிறகு அவனிடம் போய்ப் பேசலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கார் குஷன் தையல்காரன்,
பாளையங்கோட்டை.